நீலம் பாரித்த டிஸ்க்

ஜூலை 2

டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "கோபம் வந்தா கத்தாதீங்க செண்பகம். எழுதி வைங்க, பிரஷர் தானா இறங்கும்." ரேஷன் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு டைரி போதுமா? பருப்பு லோடு வரவில்லை என்றால் நான்தான் வீட்டுக்கு மூட்டை கட்டிவிட்டேன் என்கிறார்கள். கைரேகை விழவில்லை என்றால் மெஷினை விட்டுவிட்டு என்னை முறைக்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

இன்றைய கோபம் காரின் மேல். இவர் எஸ்டேட் ஜீப் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய பழைய கார். வயது இருபதுக்கு மேல், எங்கள் மகள் கோமதியை விடக் கொஞ்சம் இளையது. வைகாசியில்தான் பொள்ளாச்சியில் முன் சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க், புது பேட் போட்டோம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. அதைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதா? இன்று வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் வெடவெடவென்று உதறுகிறது.

"ரோடு சரியில்ல செம்பா" என்கிறார் இவர். ரோடு போன மாதம் போட்டது. எனக்குக் காதில் பூ சுற்றுகிறார்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி கோமதிக்கு வளைகாப்பு, நெகமத்தில் சம்பந்தி வீட்டில். வளையல் அடுக்கி முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை நாங்கள் அழைத்து வர வேண்டும். "என் மகள என் வண்டியில நானே ஓட்டிக் கூட்டிட்டு வருவேன்" என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒன்பது மாத வயிறு, உதறுகிற பிரேக். எழுதினால் பிரஷர் இறங்கும் என்ற டாக்டரம்மா இதைப் படிக்கட்டும்.

ஜூலை 6

பொள்ளாச்சிக்குப் போய் மெக்கானிக் நாச்சிமுத்துவை ஒரு பிடி பிடித்தேன். சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது, பாம்பு கடித்த உடம்பு மாதிரி.

"சூடுங்க அக்கா. டிஸ்க்கு பழுக்கப் பழுக்கக் காய்ஞ்சிருக்குது. மலையில அண்ணா நியூட்ரல்ல இறக்குறாரோ?"

கேட்டதுதான் தாமதம், இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவனைப் பார்த்தால் வண்டியை மறித்து நிறுத்தித் திட்டுகிற ஆள் இவர். எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரில் இறங்கு என்பது இவர் வீட்டு வேதம். ஜீப்பில் ஏறிய ஒருவருக்கும் இவர் கையால் ஒரு கீறல் விழுந்ததில்லை.

"நியூட்ரலாம்ல. நாக்கை அளந்து பேசுங்க" என்றேன் நானும். அதோடு விடவில்லை. டிஸ்க் உட்காரும் இடத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு இருந்தது. அதைச் சுரண்டாமலே போன தடவை புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார். துருவின் மேல் மாட்டினால் தட்டு கோணலாக உட்காராதா? பானையைக் கல் மேல் கோணலாக வைத்தால் ஆடுவது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். துருவைத் தேய்த்தெடுத்து, டிஸ்க்கை லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தி மாட்டினார். திருடன் அகப்பட்டுவிட்டான் என்று எனக்கு ஒரே திருப்தி.

ஜூலை 7

உதறல் நின்றது. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஜூலை 14

கோமதியைப் பார்க்கப் போனோம். வழியில் இவருக்கு விளையாட்டு. "செம்பா, வளைவு நம்பர் போர்டு வருதுல்ல, ஒவ்வொண்ணா படிச்சுட்டே வா. எந்தப் பக்கம் திரும்புதுன்னும் சொல்லு. பொழுது போகும்."

நாற்பது வளைவும் தலைகீழாகத் தெரிந்த மனிதருக்கு நான் படிக்க வேண்டுமாம். எதற்கு என்றேன். "உன் சத்தத்தைக் கேட்டு நாளாச்சு" என்றார். ரேஷன் கடை க்யூ முழுக்கக் கேட்கிற சத்தம்! இருந்தாலும் படித்தேன். முப்பத்தெட்டு, இடது. முப்பத்தேழு, வலது, எதிரே லாரி. கவர்க்கல்லில் மூடுபனி. கல்யாணமான புதிதில் ஜீப்பில் முன்னால் உட்கார வைத்து இப்படித்தான் ஏதாவது பேச வைப்பார்.

இதை ஏன் கோப டைரியில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 20

வீட்டில் ஒரு வேலை உருப்படியாக நடப்பதில்லை. துவரம்பருப்பைக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். டம்ளர் நிரம்பியும் டீயை ஊற்றிக்கொண்டே நிற்கிறார், மேஜையெல்லாம் டீ. பேப்பர் மடித்தது மடித்தபடி கிடக்கிறது. "நீயே தலைப்பு படிச்சுச் சொல்லிரு" என்கிறார். ஓய்வு பெற்றால் கை காலோடு சேர்த்து எல்லாவற்றுக்குமா ஓய்வு?

இதில் பக்கத்து லைன் வீட்டு மாரித்தாய் வேறு: "உங்க வீட்டுக்காரருக்குத் தலைக்கனமா அக்கா? நேருக்கு நேர் வணக்கம் சொன்னேன், பாக்காத மாதிரியே போறாரு."

"உன் வணக்கத்துக்கு அவரு சல்யூட் அடிக்கணுமோ?" என்று அவளை விரட்டிவிட்டேன். உள்ளே வந்து இவரையும் திட்டினேன்.

ஆகஸ்ட் 3

எழுத்தெல்லாம் கோணலாக விழுகிறது. கோபத்தில்தான்.

காலையில் கிளம்பும்போதே சண்டை. வளைகாப்புப் புடவையை மாற்ற வேண்டும், பில்லை எடுங்கள் என்றேன். அலமாரி முழுக்கத் தடவிவிட்டு இல்லை என்கிறார். கண்ணெதிரே மேல் தட்டில் இருக்கிறது. "கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு ஒரு மூஞ்சி. காரில் ஏறியதும் வழக்கம்போல "நம்பர் படி" என்றார். "உங்களுக்கே தெரியும்ல, நீங்களே படிச்சுக்குங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார் நத்தையாக ஊர்ந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். பாதி மலையில் கருகல் வாடை. ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தினால் முன் சக்கரத்திலிருந்து புகை.

"புகையுது!" என்று கத்தினேன். இறங்கி வந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சுருள் சுருளாக முகத்துக்கு நேரே போகிறது, எந்தப் பக்கமாம்! பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரன் ஒருவன் உதவி செய்கிறேன் என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். மலை இறங்கியதும் கொதிக்கிற சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிற புத்திசாலிகள் இங்கே தினமும் உண்டு. பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் வளையும், விண்டும் போகும். வாளியைப் பிடுங்கி ஓரமாகக் கொட்டினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 6

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். டூப்ளிகேட் டிஸ்க்கை விற்றுவிட்டு சாமி படத்துக்கு மாலை வேறு. அவன் அசரவில்லை. நாச்சிமுத்து கழற்றிக் கொடுத்திருந்த எங்கள் டிஸ்க்கை வாங்கி விளிம்பில் பொறித்திருக்கிற அளவைக் காட்டினான். இதற்குக் கீழே தேய்ந்தால் போடக் கூடாது என்று கம்பெனியே அடித்திருக்கிறது. அளந்தான். கீழே போய்விட்டிருந்தது.

"அசல்தான்மா. அசலா இருக்கவேதான் இவ்வளவு தாங்கியிருக்கு."

புது ஜோடி வாங்கி நாச்சிமுத்துவிடம் திரும்பினோம். இந்த முறை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். துருவைப் பளபளவென்று தேய்க்க வைத்தேன். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயைத் துடைக்காமல் மாட்டப் போனார். அதையும் சொல்லித் துடைக்க வைத்தேன். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே இவரிடம் சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. பிரேக்கு மேல கால வெச்சுட்டே ஓட்டுனா எந்த டிஸ்க்கும் நிக்காதுங்க."

நான் எழுந்தே விட்டேன். "முப்பது வருஷம் இந்த மலையில ஜீப்பு ஓட்டுனவருக்கு நீங்க கால் வெக்கச் சொல்லித் தர்றீங்களா?" பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் இவருக்குக் கோபம் வரவில்லை. போன மாதம் நியூட்ரல் என்றதற்குக் குதித்தவர், இன்று தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் வரவில்லை என்று எனக்குக் கோபம்.

கழற்றிய டிஸ்க்குகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அரிசி டிரம் மூடி மேல் ஒன்றை வைத்தாயிற்று. இனி எலி தூக்கட்டும் பார்ப்போம்.

ஆகஸ்ட் 8

கோமதி போனில்: "அப்பா ஏம்மா முன்ன மாதிரி வாட்ஸப்ல எதுவும் அனுப்புறதில்ல?" அவரையே கேள் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12

கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள். இவர் மட்டும் தனியாகப் பொள்ளாச்சி போனார், பி.எஃப். ஆபீஸில் வேலையாம். மத்தியானம் திரும்பி விடுவேன் என்றவர் விளக்கேற்றிய பிறகு வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. ஆடி மழையில் வேர்வை! சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

காரைச் சுற்றி வந்தேன். அதே கருகல் வாடை. போன் டார்ச்சைச் சக்கர ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தேன். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தேய்க்க வைத்து, துடைக்க வைத்து மாட்டிய புது டிஸ்க். நீலம்.

நாச்சிமுத்து தப்புச் செய்யவில்லை. கடைக்காரன் தப்புச் செய்யவில்லை.

திட்டுவதற்கு ஆள் தீர்ந்து போனால் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13

கடையில் பில் போட்டுக்கொண்டே யோசித்தேன். இரண்டு பேருக்குத் தப்பாகச் சர்க்கரை போட்டேன்.

நான் நம்பர் படித்த நாட்களில் டிஸ்க் கெடவில்லை. வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்த அன்றைக்குப் புகைந்தது. நான் போகாத அன்றைக்கு நீலம் பாரித்தது.

சாயந்திரம் டிரம் மேல் இருந்த டிஸ்க்கை எடுத்து வந்து, டியூப் லைட்டுக்குக் கீழே இவர் மடியில் வைத்தேன்.

"இது என்ன நிறம்?"

விரலால் வட்டமாகத் தடவினார். "நல்லாத் தேஞ்சிருக்கு. இங்க ஒரு வரி ஓடுது."

"தேய்மானம் கேக்கல. நிறம் கேட்டேன்."

இன்னொரு சுற்று விரலை ஓட்டிவிட்டு, "துரு நிறந்தான். வேற என்ன?" என்றார்.

நான் கத்தவில்லை. அடுப்படிக்குப் போய் விளக்க வேண்டிய பாத்திரம், விளக்கிய பாத்திரம் எல்லாவற்றையும் விளக்கினேன். பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"மாசியிலயே டாக்டர் சொல்லிட்டாரு செம்பா. சர்க்கரை கண்ணுக்குள்ள இறங்கிருச்சாம். பி.எஃப். ஆபீஸ்னு போனதெல்லாம் கண்ணாஸ்பத்திரிக்குத்தான். ஊசி போட்டா இருக்கிறது நிக்கும், போனது வராதாம்."

"எவ்வளவு தெரியுது?"

"வண்டி வர்றது தெரியும். என்ன வண்டின்னு கிட்ட வந்தாத்தான். போர்டெல்லாம் வெள்ளையா ஒரு கட்டை. வளைவு நெஞ்சுக்குள்ள இருக்கு, அதான் ஓட்டுறேன். ஆனா கால் நம்ப மாட்டேங்குது, பிரேக்கை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கோமதிய மட்டும் கூட்டிட்டு வந்துட்டு சாவியக் கொடுத்துரலாம்னு இருந்தேன். ஒரே ஒரு தடவை."

அப்போது கத்தினேன். எதிர் லைன் வரை கேட்டிருக்கும், கேட்கட்டும். "ஒம்பது மாசப் பிள்ளைத்தாச்சிய ஏத்திக்கிட்டு, நெஞ்சுக்குள்ள இருக்கிற ரோட்டுலயா ஓட்டுவீங்க? உங்க வீம்புக்கு அவளும் அவ வயித்துல இருக்கிறதும் உருளணுமா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் எழுத முடியாது. சாவியை ஆணியிலிருந்து எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். மனிதர் விலகி வழி விட்டார். எதிர்த்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 14

பேசவில்லை.

ஆகஸ்ட் 16

பேசாமல் இருந்தால் ஊசிக்கு யார் கூட்டிப்போவது? மாதா மாதம் கண்ணாஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். எத்தனை முறை டாக்ஸிக்காரனைக் கெஞ்சுவது? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து எஸ்டேட்டுக்குள் ஓட்டியும் இருக்கிறேன். மலை ரோட்டில்தான் இவர் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "நீ ரேஷன் கடைய ஓட்டு, கார நான் ஓட்டுறேன்" என்று பெரிய ஜோக்.

"நாளைக்கு நான் ஓட்டுறேன். பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்றேன். இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 17

முதல் தடவை இறங்கினேன். வளைவை இவர் சொன்னார், போர்டு வருவதற்கு முன்னாலேயே. "இருபத்தாறு. இடது. உள்பக்கம் பள்ளம் இருக்கும், விலகி எடு. ரெண்டாவது கியர்." போர்டு வந்தது: 26. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனால் என்ன கத்து! "காலை எடு! காலை எடு பிரேக்க விட்டு! கியர் பிடிக்கும், நீ எதுக்குப் பிடிக்கிற?" நானும் கத்தினேன். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் குரங்குகள் ஓடியிருக்கும். ஆழியாறில் நிறுத்தியதும் இறங்கிப்போய் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினார்.

"அடுப்பு மாதிரி இருக்கு. மலை பூரா மிதிச்சுக்கிட்டே வந்திருக்க."

எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. என் காலும்தான் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் என்பதால் அப்படி.

நாச்சிமுத்து சக்கரத்தைக் கழற்றி, தடிமன் இருக்கிறது, லேத்தில் மெலிதாக ஒரு சுற்று எடுத்தால் போதும் என்றார். அன்றைக்குப் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். "அக்கா, டீ குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன்.

ஆகஸ்ட் 24

நான்காவது தடவை. உள்ளங்கையைக் காட்டிவிட்டு, "பரவால்ல" என்றார். ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன்களிடம் இந்த வார்த்தையை வருஷத்துக்கு ஒரு முறைதான் சொல்வாராம். பெரிய மகாராஜா.

ஆகஸ்ட் 30

வளைகாப்புக்குச் சொல்லியிருந்த டாக்ஸியை வேண்டாம் என்றுவிட்டேன். கோமதியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, "நீ ஓட்டுனா வர்றேன்மா, ஆனா திட்டிக்கிட்டே ஓட்டாதே" என்றாள். அதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை.

சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது என்றுதான் இவர் இரண்டு நாளாக முற்றத்தில் நடக்கிறார். தலைவலி என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

செப்டம்பர் 1

கோமதியின் இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஐந்து வகைச் சாதம் கட்டிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது சம்பந்தி எல்லோர் முன்னாலும், "சம்பந்தி, பாத்து மெதுவா ஓட்டிட்டுப் போங்க" என்றார்.

சாவி இவர் கையில் இருந்தது. காலையில் கேட்டார், கொடுத்திருந்தேன். கடைசி நேரத்தில் வீம்பு வந்து ஸ்டியரிங் பக்கம் போய்விடுவாரோ என்று பயந்தேன். போனால் சம்பந்தி வீடென்றும் பார்க்காமல் கையைப் பிடித்து இழுக்கத் தயாராகவே நின்றேன்.

இவர் என் கையில் சாவியை வைத்தார். "எனக்குக் கண்ணு போயிட்டுது சம்பந்தி. இனிமே செண்பகம்தான் ஓட்டுவா."

மாப்பிள்ளை, "நான் வேணா வந்து ஓட்டட்டுங்களா அத்தை?" என்று முன்னால் வந்தார். "உங்களுக்கு மலை ரோடு தெரியாது, அம்மா ஓட்டட்டும்" என்று கோமதி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர் அத்தனை பேரும் பார்க்க இடது பக்கக் கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

ஆழியாறு தாண்டியதும் ஆரம்பித்தார். ஒன்று, இடது. இரண்டு, வலது. "ஒம்பது வருது. வரையாடு நிக்கும், ஹாரன் அடிக்காத." இரண்டு நின்றன. இவருக்குத் தெரியவில்லை. "நிக்குதா?" என்று கேட்டார். "நிக்குது" என்றேன். இருபதுக்குப் பிறகு பின்னால் வளையல் சத்தம் அடங்கிவிட்டது. கோமதி தூங்கிவிட்டாள். மூடுபனி இறங்கியது.

இத்தனை நாளாக மென்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன். கண் போன விஷயத்தை மறைத்ததைக் கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைப்பேன். ஆனால் அன்றைக்கு நம்பர் படிக்கச் சொன்னதை நான் விளையாட்டு என்று நம்பிவிட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அதுதான் ஆறவில்லை.

"என் சத்தத்தைக் கேக்கணும்னு சொன்னீங்களே, அது பொய்தான?"

பேசவில்லை. அடுத்த வளைவு எது என்றும் சொல்லவில்லை. முன்னால் வெள்ளையாகப் பனி, எதுவும் தெரியவில்லை.

"சொல்லித் தொலைங்க!"

"பாதி கண்ணுக்காக" என்றார்.

"மீதி?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு கண்ணாடிக்கு வெளியே, தனக்குத் தெரியாத ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தொண்ணு. இடது. நெருக்கமான வளைவு. ரெண்டாவது போடு செம்பா."

போட்டேன்.